பேர் எங்க பதிஞ்சிருக்கு?

பெரியம்மாவுக்கு ஒரு தொகை பாடம். 2,14,650 ரூபா. தமிழீழ வைப்பகத்தில் அவருடைய கணக்கில் கடைசியாக இருந்த மீதி அது. 1994-இல் விடுதலைப் புலிகள் தொடங்கிய அந்த வைப்பகத்துக்குக் கிளிநொச்சியில் பெரிய கட்டடம் இருந்தது, வட்டியும் மற்ற வங்கிகளைவிட ஒரு படி கூட. பெரியம்மா அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. சம்பளம் கொழும்பிலிருந்து வரும். அதை எடுத்துக்கொண்டுவந்து வைப்பகத்தில் போடுவார். ஒரு அரசாங்கத்தின் காசை இன்னொரு அரசாங்கத்தில் போட்டு வைத்த காலம் என்று இப்போது சிரித்துக்கொண்டு சொல்வார். 2009-இல் இராணுவத்தின் ஓமந்தைச் சோதனைக்கு வருவதற்கு முதல் சேமிப்புப் புத்தகத்தைத் துண்டு துண்டாகக் கிழித்துக் களப்புத் தண்ணீருக்குள் விட்டுவிட்டார். அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரிசையில் நிற்க முடியாது. ஆகவே புத்தகம் இல்லை. அவருடைய பேர் எழுதியிருந்த பேரேடும் இல்லை. அதை எழுதினவரும் இல்லை. தொகை மட்டும் தலைக்குள் இருக்கிறது.

இதை முதலில் சொல்லக் காரணம், 2022 கார்த்திகை மாதம் பெரியம்மா என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி. நான் ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள். குடும்பத்தில் யாருக்குக் காசுச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். அவருடைய ஓய்வூதியப் பணிக்கொடையில் மிச்சம் 8 இலட்சம் நிலையான வைப்பில் இருந்தது. அரசாங்கத்துக்குக் குறுகிய காலக் கடன் கொடுக்கிற திறைசேரி உண்டியலில் 30 வீதத்துக்கு மேல் கொடுக்கிறார்கள் என்று நான்தான் வாய் திறந்தேன்.

"பொறு பிள்ளை. கடன் கட்டேலாது எண்டு சித்திரையில சொன்ன அரசாங்கம்தானே உது? கட்டேலாது எண்டு சொன்னவனுக்கு ஏன் நான் திரும்பக் கடன் குடுக்கவேணும்?"

எந்தப் பொருளியல் விரிவுரையாளரும் இதைவிட நல்ல கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை. அன்று சரியான பதில் என்னிடம் இருக்கவில்லை. "அது வெளிநாட்டுக் கடன் பெரியம்மா, இது உள்நாட்டுக் கடன்" என்றேன். "ஓ, வெளியில கடன்காரன், வீட்டுக்க காசுக்காரனோ?" என்றுவிட்டுத் தேங்காய் துருவப் போய்விட்டார்.

பதிலைத் தேடின கதைதான் இது.

2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை நிறுத்தியது வெளிநாட்டுக் கடன்களைக் கட்டுவதைத்தான். டொலர் இல்லை, ஆகவே டொலரில் கட்ட முடியவில்லை. ரூபாவில் வாங்கின கடன் வேறு. ரூபாவை அரசாங்கம் வரியாக அறவிடலாம், புதிய கடனை வாங்கிப் பழையதை அடைக்கலாம், ஒன்றும் முடியாவிட்டால் மத்திய வங்கி அச்சடித்துக் கொடுக்கலாம். அன்றைக்கு அந்தக் கடைசி வழி திறந்தேதான் இருந்தது, மத்திய வங்கி தானே உண்டியல்களை அள்ளி வாங்கிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் ரூபாக் கடன் திரும்பி வரும். ஆனால் வரும்போது அந்த ரூபாவுக்கு எவ்வளவு மா வாங்கலாம் என்பதுதான் பிரச்சினை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதம். 30 வீத வட்டி வாங்கிக்கொண்டு 70 வீத விலையேற்றத்துக்குள் இருப்பது லாபமா? பெரியம்மா இதை வேறுமாதிரிச் சொன்னார். "யூரியா விலையைப் பாத்தா உன்ர 30 வீதம் ஒரு மூலைக்கும் காணாது."

வட்டி ஏன் அவ்வளவு உயர்ந்தது? 2022 ஏப்ரல் 8 அன்று மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கிழமை ஏலத்திலும் வீதம் ஏறி ஏறி, அந்த வருடம் முடியும்போது 91 நாள் உண்டியல் 30-ஐத் தாண்டி நின்றது. 364 நாள் உண்டியல் அதைவிடக் குறைவு, 29 அளவு. நீண்ட காலத்துக்குக் கொடுப்பவனுக்குக் கூட வட்டி கிடைப்பதுதான் வழமை. அது தலைகீழாக நின்றது. மூன்று மாதத்துக்குக் கொடுக்க எல்லோரும் தயார், நாளைக்கு வட்டி இறங்கிவிடும் என்று நினைத்தவன் மட்டும் வருடக் கணக்குக்குப் போனான். இதில் ஒரு கசப்பான பகிடியும் உண்டு. அரசாங்கமே 30 வீதத்துக்குக் கடன்படுகிறது என்று பத்திரிகைகள் அலறின. எங்கள் பெண்களுக்கு அந்த வீதம் புதிதில்லை. நுண்கடன்காரர்கள் வாரா வாரம் முற்றத்தில் வந்து குந்தியிருந்து அறவிட்ட வட்டியைக் கணக்குப் பார்த்தால் அரசாங்கம் மலிவாகத்தான் கடன்பட்டிருக்கிறது. 2018-இல் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் 1 இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்கிறோம் என்று அரசாங்கம் அறிவிக்கும் அளவுக்கு அது முற்றியிருந்தது.

உண்டியல் என்றால் என்னவென்று பெரியம்மாவுக்கு விளங்கப்படுத்தச் சீட்டைத்தான் பிடித்தேன். அவர் இருபது வருடம் சீட்டுப் பிடித்தவர், இதில் எனக்கே பாடம் எடுப்பார். இருபது பேர், ஆளுக்கு 5,000, மொத்தம் 1 இலட்சம். மாதம் ஒருமுறை கூடிக் கழிவு கேட்பார்கள். பிள்ளைக்குக் கலியாணம், வயலுக்கு மருந்து என்று அவசரத்தில் இருக்கிறவர் 20,000 கழிவு விட்டு 80,000-ஐ எடுத்துக்கொண்டு போவார். அவசரம் கூடினால் கழிவு கூடும். திறைசேரி உண்டியலும் இந்தக் கழிவுதான். 1 இலட்சம் என்று எழுதின உண்டியலை 80,000-க்கு விற்பார்கள். ஒரு வருடம் கழித்து 1 இலட்சம் தருவார்கள். இடையில் வட்டி என்று ஒன்றும் வராது.

"அப்ப 20 வீதம்."

"இல்லை பெரியம்மா, நீங்கள் குடுத்தது 80 ஆயிரம்தானே? 80-க்கு 20 எண்டா 25 வீதம்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப இவ்வளவு காலமும் சீட்டில கழிவு விட்டு எடுத்ததுகள் நினைச்சதைவிடக் கூட வட்டி கட்டியிருக்குதுகள்." ஓம் என்றேன். எனக்கும் அது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஒரு வித்தியாசம் உண்டு. சீட்டில் கடன் எடுக்கிறவர்கள் போட்டி போடுவார்கள். உண்டியல் ஏலத்தில் எடுக்கிறவர் ஒரே ஆள், அரசாங்கம். போட்டி போடுகிறவர்கள் கொடுக்கிறவர்கள். புதன்கிழமைகளில் ஏலம். 91, 182, 364 நாள் என்று மூன்று வகை. குறைந்த வட்டி கேட்டவருடைய கேள்வி முதலில் எடுக்கப்படும், தேவையான தொகை நிரம்பும் வரை ஏறிக்கொண்டு போகும். அந்த ஏலத்துக்குள் நானோ பெரியம்மாவோ நேரே போக முடியாது. முதனிலை வணிகர்கள் என்று மத்திய வங்கி அனுமதித்த சில வங்கிகளும் நிறுவனங்களும்தான் கேட்கலாம். நாங்கள் அவர்களிடம் வாங்கவேண்டும். இலங்கை வங்கி, மக்கள் வங்கி போன்றவை அந்த வரிசையில் இருப்பதால் கிளையில் போய்க் கேட்டாலே போதும். போதும் என்று எழுதிவிட்டேன். நாங்கள் போன ஒரு வங்கிக் கிளையில் (எதுவென்று விடுங்கள்) படிவத்தைத் தேடி எடுக்கவே அரை மணித்தியாலம் போனது. அதற்கிடையில் இரண்டு பேர் மாறி மாறி வந்து "அம்மா, எங்கட நிலையான வைப்பும் நல்ல வட்டி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வைப்பை வாங்கினால் வங்கி அதில் தானே உண்டியல் வாங்கி இடைவெளியை வைத்துக்கொள்ளும். அவர்கள் பிழையொன்றும் செய்யவில்லை, வியாபாரம். ஆனால் பெரியம்மா அதைக் கண்டுபிடித்துவிட்டார். "என்ர காசைக் கொண்டுபோய் உவையும் அங்கதானே போடப்போகினம்?"

காசு வைக்கும் சாளரத்தில் அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார். அதுதான் இந்தப் பதிவின் தலைப்பு.

"எனக்கு என்ன துண்டு தருவியள்? என்ர பேர் எங்க பதிஞ்சிருக்கு?"

உண்டியலுக்குத் துண்டு இல்லை. 2004-இலிருந்து இலங்கையின் அரச பிணையங்கள், அதாவது உண்டியல் போன்ற அரசாங்கக் கடன் பத்திரங்கள், தாளில் அச்சிடப்படுவதில்லை. முன்பு அழகான தாளில், கையெழுத்தோடு வந்துகொண்டிருந்தது. இப்போது மத்திய வங்கியின் லங்காசெக்கியூர் என்ற கணினிப் பதிவேட்டில் ஒரு வரி, அவ்வளவுதான். வங்கி தருவது அந்தக் கொடுக்கல் வாங்கலை உறுதிப்படுத்தும் கடிதம். உண்மையான சொத்து அந்தப் பதிவேட்டு வரி. அந்த வரியில் வணிகருடைய பேர் இல்லாமல் வாடிக்கையாளருடைய பேரிலேயே கணக்கு இருக்கவேண்டும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர். இணையத்தில் போய்ப் பார்க்கவும் வழி இருக்கிறது.

துண்டு இல்லை என்றதும் பெரியம்மா எழும்பிவிட்டார். அவருக்குத் துண்டுதான் நம்பிக்கை என்று நான் நினைத்தேன். பிறகு வீட்டில் இருந்து கதைக்கும்போது விளங்கியது, அவர் பயந்தது வேறு. துண்டைக் கிழித்து எறிந்த மனிசிக்குத் துண்டின் பெறுமதி தெரியும். பேரேடு இருக்கிற இடமும், அதைப் பார்த்துக்கொள்கிறவனும், அவனைப் பார்த்துக்கொள்கிறவனும் யார் என்பதுதான் அவருடைய கேள்வி. வைப்பகத்தில் பேரேடு எழுதினவனும் காவல் காத்தவனும் காசைச் செலவழித்தவனும் ஒரே வீட்டுக்காரன். அந்த வீடு விழுந்தபோது எல்லாம் சேர்ந்து விழுந்தது.

கொழும்பில் மட்டும் அது வேறு வேறு வீடா? இங்கேதான் எனக்கு வாசிக்க வேண்டிவந்தது. வாசிக்க வாசிக்கப் பெரியம்மாவின் பயம் நியாயமாகிக்கொண்டே போனது.

பங்குச் சந்தையைக் கண்காணிக்க 1987-இன் 36-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஓர் ஆணைக்குழு வந்தது. அதற்கு 2021-இன் 19-ஆம் இலக்கச் சட்டம் புது உடம்பு கொடுத்தது. பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு என்பது அதன் பேர். யாழ்ப்பாணத்தில் மச்சான் ஒருவர் பங்கு வாங்குகிறார், அவருக்கு அநியாயம் நடந்தால் அங்கே போகலாம். பெரியம்மாவின் உண்டியல் அந்த வாசலுக்கு உரியதில்லை. அரச பிணையங்களுக்குக் காவல் மத்திய வங்கி. நெடுங்காலமாக 1923-ஆம் ஆண்டின் உள்ளூர்த் திறைசேரி உண்டியல் கட்டளைச் சட்டமும், 1937-ஆம் ஆண்டின் பதிவுசெய்யப்பட்ட பங்குத் தொகுதி மற்றும் பிணையங்கள் கட்டளைச் சட்டமும்தான் அதற்கு ஆதாரம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டங்கள். எங்கள் கூட்டுறவுக் கிராமிய வங்கி இந்த இரண்டு வாசலுக்கும் வெளியே, கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் நிற்கிறது. காசு வைக்கிறவர்கள் இதையெல்லாம் கேட்பதே இல்லை. சந்தியில் ஒருவர் கைத்தொலைபேசிச் செயலியில் காசு போட்டால் மாதம் இரட்டிப்பாகும் என்று ஊரையே சேர்த்தபோதும் எந்த வாசல் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஆள் பிடித்துச் சேர்க்கும் பிரமிட் திட்டங்கள் வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின் கீழ் குற்றம் என்று மத்திய வங்கி திரும்பத் திரும்ப அறிவித்தல் போடுகிறது. அந்தக் குற்றத்துக்குக் காசு கொடுத்தவர்களில் எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பியும் ஒருவர். உழவு இயந்திரத்தை வித்தார்.

சரி, மத்திய வங்கி காவல். அந்தக் காவல் எப்படி இருந்தது?

2015 பெப்ரவரி 27. மத்திய வங்கி 30 வருட முறி ஒன்றை ஏலத்துக்கு விட்டது. முறி என்பது உண்டியலின் அண்ணன், இரண்டு வருடத்திலிருந்து முப்பது வருடம் வரை போகும், அரையாண்டுக்கு ஒருமுறை வட்டி தரும். கேட்டது 100 கோடி ரூபா. ஏற்றுக்கொண்டது 1,005 கோடி. தேவையைப் போல் பத்து மடங்கு கடனை ஒரே நாளில் கூடின வட்டிக்கு வாங்கினார்கள். அந்த முறிகளில் கிட்டத்தட்டப் பாதி அப்போதைய ஆளுநரின் மருமகனோடு தொடர்புடைய பெர்பெச்சுவல் டிரஷரீஸ் என்ற முதனிலை வணிகருக்குப் போனது. 2016 மார்ச்சிலும் சர்ச்சைக்குரிய ஏலங்கள் நடந்தன. 2017-இல் ஜனாதிபதி ஆணைக்குழு விசாரித்தது. மூன்று பேர் கொண்ட அந்த ஆணைக்குழுவில் ஒருவர் ஓய்வுபெற்ற பிரதிக் கணக்காய்வாளர் நாயகம் கந்தசாமி வேலுப்பிள்ளை. அறிக்கை கிடைத்தபிறகு 2018 ஜனவரியில் ஜனாதிபதி சிறிசேன நாட்டுக்கு உரையாற்றி, அந்த நிறுவனம் 1,100 கோடிக்கு மேல் முறையற்ற லாபம் பெற்றதாகவும், தொழிலாளர்களின் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு 850 கோடி நட்டம் என்றும் சொன்னார்.

அந்தக் காலத்தில் எல்லோரும் வேலி பயிரை மேய்ந்த கதை என்று எழுதினார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. வேலி மேய்ந்தது மட்டும் என்றால் வேலியை மாற்றினால் போதும். ஆனால் அங்கே அரசாங்கத்துக்காக முறியை விற்கிற தரகர் மத்திய வங்கி. வாங்குகிற வணிகர்களைக் கண்காணிப்பது மத்திய வங்கி. பதிவேடு எழுதுவது மத்திய வங்கி. ஊழியர் சேமலாப நிதி என்ற நாட்டிலேயே பெரிய வாங்குநரை நடத்துவதும் மத்திய வங்கி. ஆள் நல்லவரோ கெட்டவரோ, நாலு தொப்பியையும் ஒரே தலையில் போட்டால் ஒன்று மற்றதன் கண்ணை மறைக்கும். எங்கள் சங்கத்தில் காசாளரே களஞ்சியத் திறப்பையும் வைத்திருந்தால் கணக்காய்வாளர் முதல் நாளே சிவப்பு மையில் எழுதுவார்.

இன்னொரு கதை குறைவாகப் பேசப்பட்டது, பெரியம்மாவின் கேள்விக்கு அதுதான் கிட்ட. என்ட்ரஸ்ட் செக்கியூரிட்டீஸ் என்ற முதனிலை வணிகர். 2016 ஜனவரியில் மத்திய வங்கி அதில் தலையிட்டு, நடத்தும் பொறுப்பைத் தேசிய சேமிப்பு வங்கியிடம் கொடுத்தது. அங்கே நடந்ததை விளங்க மீள்கொள்வனவு என்ற சொல் தெரியவேண்டும். நீங்கள் வணிகரிடம் காசு கொடுக்கிறீர்கள். அவர் தன்னிடமுள்ள அரச பிணையத்தை உங்களுக்கு விற்று, இத்தனை நாளில் இத்தனை விலைக்குத் திரும்ப வாங்குவேன் என்கிறார். நகை அடைவு மாதிரித்தான், நகை உங்கள் கையில் இருக்கும்வரை. நகைக்குப் பதிலாகப் பதிவேட்டில் உங்கள் பேரில் அந்தப் பிணையம் ஏறவேண்டும். அங்கே வாடிக்கையாளர் கொடுத்த காசுக்கு ஈடாக நிற்கவேண்டிய பிணையங்கள் போதவில்லை. கையில் அழகான உறுதிக் கடிதம் இருந்தது, பதிவேட்டில் வரி இருக்கவில்லை. அரச பிணையத்தில் போட்டோம் என்று நினைத்தவர்கள் உண்மையில் ஒரு கம்பனிக்குக் கைமாற்றாகக் கொடுத்திருந்தார்கள்.

இந்தக் கதையைச் சொன்னபோது பெரியம்மா இரண்டு முறை கேட்டார். பிறகு சொன்னார்: "அப்ப நான் கேட்ட கேள்வி சரி."

ஆகவே வாங்கும்போது மூன்று விடயம் பார்த்தோம். மீள்கொள்வனவு இல்லை, நேரடியாக உண்டியலையே வாங்குகிறோம் என்று படிவத்தில் இருந்ததா. அவருடைய பேரிலும் அடையாள அட்டை இலக்கத்திலும் பதிவேட்டில் கணக்குத் திறந்தார்களா. வாங்கினபிறகு அந்தக் கணக்கில் வரி ஏறியதா. மூன்றாவதைப் பார்க்கும்வரை பெரியம்மா நித்திரை கொள்ளவில்லை. என்னுடைய கைத்தொலைபேசியில் அவருடைய பேரையும் இலக்கத்தையும் தேடிக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு எழுத்து எழுத்தாக வாசித்தார்.

8 இலட்சத்தையும் 91 நாளுக்குப் போடச் சொன்னார். நான் பாதியை 364 நாளுக்குப் போடுவோம் என்றேன். "ஒரு வருசத்துக்கிடையில எத்தினை அரசாங்கம் வருமோ" என்றார். சண்டை பிடித்துப் பாதி பாதியாகப் போட்டோம், 2023 தை தொடக்கம். வயல்காரருக்கு இதில் ஒரு கணக்கு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். காலபோக நெல் மாசி பங்குனியில் காசாகும். அடுத்த விதைப்புக்கு ஐப்பசியில் திரும்பத் தேவை. இடையில் கிட்டத்தட்ட 182 நாள். சிறுபோகம் செய்யாத ஒருவருக்கு அந்த உண்டியல் அளவெடுத்துத் தைத்த மாதிரி. இரணைமடுக் குளத்தின் கீழ் இத்தனை பேர் வயல் செய்கிறார்கள், அந்த ஆறு மாதமும் காசு சேமிப்புக் கணக்கில் கிடந்து தேய்கிறது, அல்லது முற்றத்தில் புது மோட்டார் சைக்கிளாக நிற்கிறது.

பங்குனியில் சர்வதேச நாணய நிதியத்தின் உதவி வந்தது, வட்டி இறங்கத் தொடங்கியது. சித்திரையில் 91 நாள் உண்டியலைப் புதுப்பிக்கும்போது 26-க்குக் கிட்ட வந்துவிட்டது. பெரியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார், நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு ஆனி மாதக் கடைசி. 2023 ஜூன் 29 அன்று உள்நாட்டுக் கடனையும் மறுசீரமைக்கப் போவதாக அறிவித்தார்கள். ஹஜ்ஜுப் பெருநாள், நடுவில் விசேட வங்கி விடுமுறை, சனி, ஞாயிறு, போயா. ஐந்து நாள் வங்கி பூட்டு. அந்த ஐந்து நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததே தவிர ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. பெரியம்மா என்னைத் திட்டவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. ஒருமுறை மட்டும் "பேரேட்டில பேர் இருந்தாலும் காசு இல்லாமப் போகலாம் போல" என்றார்.

தனியாட்களின் உண்டியலையும் முறியையும் தொடவில்லை. வங்கிகளின் ரூபா முறிகளையும் விட்டுவிட்டார்கள். மத்திய வங்கி வைத்திருந்த உண்டியல்களை நீண்டகாலக் கடனாக மாற்றினார்கள். மற்றச் சுமை விழுந்த இடம் ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வுகால நிதிகள். பழைய முறிகளைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கவேண்டும், அதற்கு 2025 வரை 12 வீதம், அதற்குப் பிறகு 9 வீதம். மாற்றமாட்டோம் என்றால் முறி வருமானத்துக்கு 14 வீதத்துக்குப் பதில் 30 வீத வரி.

அறிவியல்நகர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள் பெரியம்மாவின் பேத்தி. தாயில்லாமல் வளர்ந்த பிள்ளை. சம்பளத் துண்டில் 8 வீதம் கழியும், கம்பனி 12 வீதம் போடும். அந்தக் காசின் மிகப் பெரும்பகுதி போவது அரச பிணையங்களுக்குத்தான். அதாவது வீட்டில் பெரியம்மா "கட்டேலாதவனுக்கு ஏன் கடன் குடுக்கவேணும்" என்று நியாயம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், அந்தப் பிள்ளை ஒவ்வொரு மாதமும் அவனுக்கே கடன் கொடுத்துக்கொண்டிருந்தாள். கேட்காமலே எடுத்தார்கள். 30 வீதக் காலத்தில் அந்த 30-உம் அவளுக்குக் கிடைக்கவில்லை, குறைத்தபோது மட்டும் அவளிடம் குறைத்தார்கள். ஏலத்துக்குப் போகக்கூடிய காசுக்காரரைத் தொட்டால் அடுத்த புதன்கிழமை அவர் வரமாட்டார். பேத்தியின் காசு அடுத்த மாதமும் வரும், வேலையை விட்டால்தான் நிற்கும். யாரைத் தொடுவது என்று தீர்மானித்தவர்களுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது என்பது என் எண்ணம்.

2024 தை மாதம் 364 நாள் உண்டியல் முதிர்ந்து முழுக்காசும் வந்தது, 5 வீத வரி போக. அந்த வருடத்துக்குள் பணவீக்கம் 4 வீதத்துக்கு விழுந்திருந்தது, ஆகவே 29 வீதம் மெய்யாகவே லாபம். 91 நாள் பாதி ஒவ்வொரு புதுப்பிப்பிலும் இறங்கி இறங்கிப் பின்தங்கிவிட்டது. இந்த வெற்றியை நான் இன்னும் பெரியம்மாவுக்கு நினைவூட்டுகிறேன். அவர் அதைத் தற்செயல் என்கிறார், பாதி உண்மை. வட்டி 13 அளவுக்கு வந்ததும் காசில் ஒரு பகுதியை எடுத்துக் குழாய்க் கிணறு அடித்தார். அந்த வருடக் கடைசியில் வட்டி 9-க்கும் கீழே போனபோது மிச்சத்தையும் எடுத்து இரண்டு மாடு வாங்கினார்.

சட்டங்களும் மாறியிருக்கின்றன. 2023-இன் 16-ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம், அரசாங்கத்திடமிருந்து நேரே பிணையம் வாங்கிக் காசு அச்சடிக்கும் வழியை அடைத்தது. 2024-இன் 33-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நிதி அமைச்சில் பொதுப் படுகடன் முகாமைத்துவ அலுவலகம் வந்தது, கடன் வாங்கும் தொப்பி அங்கே போக ஏற்பாடானது. நாலு தொப்பியில் ஒன்று கழன்றிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். சேமலாப நிதித் தொப்பி அதே தலையில்தான். அச்சடிக்கும் வழி அடைபட்டது நல்லது, ஆனால் 2022-இல் நான் பெரியம்மாவுக்குச் சொன்ன "கடைசியில் அச்சடித்தாவது தருவார்கள்" என்ற பதிலை இனிச் சொல்ல முடியாது. அடுத்த முறை அவர் கேட்டால் வரி வருமானத்தைக் காட்டித்தான் பதில் சொல்லவேண்டும்.

அவர் அடுத்த முறை கேட்டது தன் காசைப் பற்றி இல்லை. போன மாதம், பால் கறந்துவிட்டு வந்து குந்தினவர், "அவளின்ர காசு எவ்வளவு இருக்கு? அவளின்ர பேர் எங்க பதிஞ்சிருக்கு?" என்றார். பேத்திக்குத் தெரியவில்லை. ஐந்து வருடம் வேலை செய்த பிள்ளை ஒருநாளும் பார்த்ததில்லை. உறுப்பினர் இலக்கத்தைத் தேடி எடுத்துக் கூற்றைப் பெற்றுப் பார்த்தோம். காசு இருந்தது. பேர் பிழை. தகப்பன் பேரின் ஆங்கில எழுத்துகளில் ஒன்று குறைவு, அடையாள அட்டையோடு ஒத்துவராது. யார் எழுதும்போது விட்டார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. இப்படியே விட்டால் காசு எடுக்கப்போகும் நாளில் சத்தியக்கடதாசி, சமாதான நீதவான் என்று அலையவேண்டிவரும்.

பேர் திருத்தும் படிவத்தைப் பெரியம்மாவே தன் ஆசிரியை எழுத்தில் நிரப்பினார். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி ஒட்டியாகிவிட்டது. கிராம அலுவலர் செவ்வாயும் வியாழனும்தான் இருப்பார், இந்தச் செவ்வாய் கூட்டத்துக்குப் போய்விட்டார். வியாழன் காலையில் இருவரும் போகிறார்கள், பேத்திக்கு அரைநாள் லீவு.